ஐந்து வயதுக்கு மேல் குடல் செருகினால்

"வயிற்றில் லேசாக நெறி கட்டியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை." மதுரை ஸ்கேன் அறைகளில் இந்த வாக்கியம் சொல்லப்படாத நாள் இருக்காது. என் அறையில் நானும் சொல்கிறேன்; பெரும்பாலும் அது உண்மைதான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோன குழந்தைக்குக் குடலைத் தாங்கும் சவ்வில் நிணநீர் முடிச்சுகள் கொஞ்சம் பெருத்துத் தெரியும். ஒரு நோயும் இல்லாத குழந்தைக்கே அவை குறுக்களவில் 8 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். நீள்வட்டமாக, நடுவில் வெண்கீற்றோடு இருந்தால் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடலாம். முழுப் பரீட்சை நெருங்கும் மாதத்தில் வரும் வயிற்று வலிகளுக்கு அந்த ஒரு வரிகூடத் தேவைப்படாது.

அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாத குழந்தைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் தொடங்கும் லிம்ஃபோமா, அதாவது நிணநீர்த் திசுவின் புற்றுநோய், குழந்தைகளுக்கு அபூர்வமாகவே வருகிறது. சிற்றூர் மருத்துவர் ஒருவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம். அதனாலேயே அது யார் நினைவிலும் முதலில் வருவதில்லை. குடற்பூச்சி, குடல்வால், டைபாய்டு, காசநோய் எல்லாம் வந்து போன பிறகு கடைசியில் வருகிறது. அதற்குள் கட்டி வளர்ந்துவிடுகிறது.

ஸ்கேன் பார்க்கும் என் போன்றவர்கள் இதில் செய்ய வேண்டியது பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பரிசோதனைக்குச் சதை எடுக்கும் ஊசி எந்த இடத்தில் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டால் எங்கள் பங்கு முடிந்தது. அந்த இரண்டும் இல்லாத அறிக்கை எவ்வளவு விரிவாக இருந்தாலும் குழந்தைக்குப் பயனில்லை.

சீக்கிரம் என்பதை ஏன் இப்படி அழுத்துகிறேன் என்றால், பெரியவர்களுக்கு வரும் லிம்ஃபோமாக்களில் பல வகைகள் வருடக்கணக்கில் மெல்ல வளர்பவை, குழந்தைகளுடையது அப்படிப்பட்டதல்ல. அவர்கள் வயிற்றில் அதிகம் காணப்படுவது பர்கிட் லிம்ஃபோமா. மனித உடலில் இதைவிட வேகமாக வளரும் கட்டியைத் தேடினாலும் கிடைப்பது அரிது. செல்களின் எண்ணிக்கை இரட்டிப்பாக ஓரிரு நாள் போதும். திங்கட்கிழமை பார்த்த வயிறும் அடுத்த திங்கட்கிழமை பார்க்கும் வயிறும் வேறு வேறு. 8ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய ஒரு வளர்ச்சி மரபணு, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறி, எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வதால் வரும் வினை இது. அந்தப் பகுதி ஓயாமல் இயங்கும் இடம். பக்கத்தில் வந்தமர்ந்த மரபணுவையும் ஓயாமல் இயங்க வைத்துவிடுகிறது.

நோய்க்குப் பெயர் தந்த டெனிஸ் பர்கிட், அயர்லாந்தில் 1911இல் பிறந்த அறுவை மருத்துவர். சிறுவனாக இருந்தபோது நடந்த விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ மருத்துவமனையில் 1957இல் தாடையின் இரு பக்கமும் வீங்கிய சிறுவன் ஒருவனைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இன்னோர் ஊரில் அதே மாதிரி இன்னொரு குழந்தை; தாடையோடு வயிற்றிலும் கட்டி. இரண்டும் ஒரே நோயோ என்ற கேள்வி அவரை விடவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டி 1958இல் கட்டுரை வெளியிட்டார். 1961இல் இரண்டு நண்பர்களோடு பழைய கார் ஒன்றில் சுமார் 16,000 கிலோமீட்டர் சுற்றி, நோய் எந்தெந்த ஊரில் இருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடத்தில் குறித்தார். அவருடைய சொற்பொழிவைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன் அந்தக் கட்டியின் செல்களை வளர்த்து ஆராய்ந்து, 1964இல் தம் சகாக்களோடு எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கண்டறிந்தார். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதில் பங்குள்ளதாக முதலில் அறியப்பட்ட வைரஸ் அதுதான். பர்கிட் கட்டுரை வந்த அதே 1958இல்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட், வயிற்றுக் கட்டிகளை ஒலியலையால் படம் பிடிக்கலாம் என்று எழுதினார். இன்று என் மேசையில் இருக்கும் இயந்திரத்தின் பாட்டன் அது. இரண்டு கட்டுரைகளும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஆப்பிரிக்காவில் மலேரியா மிகுந்த பகுதிகளில் தாடையைப் பிடிக்கும் நோய், மற்ற நாடுகளில் பெரும்பாலும் வயிற்றைப் பிடிக்கிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் வலப்பக்க மூலைதான் அதற்குப் பிடித்த இடம். குழந்தைகளுக்கு அந்த மூலையில் குடற்சுவருக்குள் நிணநீர்த் திசு திட்டுத்திட்டாக நிறைந்திருக்கும். குடல்வாலும் அங்கேதான், காசநோயும் அங்கேதான், குடல் செருகுவதும் அங்கேதான். எல்லா வழக்கும் ஒரே தெருவில் நடப்பதால் குழப்பமும் அங்கேயே நடக்கிறது.

குடல் செருகல் என்பது, சட்டைக் கையைக் கழற்றும்போது ஒரு பகுதி உள்ளே மடிந்து சிக்கிக்கொள்வதைப் போல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுவது. மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் காரணமே இல்லாமல் வரும். உப்புநீரையோ காற்றையோ ஆசனவாய் வழியே அழுத்தம் கொடுத்துச் செலுத்தினால் விடுபட்டுவிடும். அன்றிரவே பால் குடிக்கும். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குச் செருகினால் கதை வேறு. எதையோ பிடித்துக்கொண்டுதான் குடல் உள்ளே போயிருக்கிறது. அது என்னவென்று தேட வேண்டும். ஒரு சதைமொட்டாக இருக்கலாம், பிறவியிலேயே அமைந்த பையாக இருக்கலாம். புற்றுநோய் என்றால் முதலில் நிற்பது லிம்ஃபோமா.

உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அப்பத்தாவும் அப்பாவும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பத்தாவின் கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. அதற்குள் மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், மடித்து மடித்து நைந்துபோன பழைய ஸ்கேன் அறிக்கை. சில வாரங்களாக வலி வந்து வந்து போகிறது. பூச்சி மாத்திரை கொடுத்தாகிவிட்டது. தொக்கம் எடுத்தும் பார்த்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குச் சாப்பாடு செல்லவில்லையென்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று ஊதி எடுப்பவரிடம் அழைத்துப் போவார்கள். அதைக் கேட்டு மருத்துவர்கள் சிரிப்பதை நான் ரசிப்பதில்லை. பிள்ளை மெலிகிறான் என்பதை எல்லோருக்கும் முன்னால் கவனித்தது அந்த அப்பத்தாதான்.

குழந்தைக்கு ஸ்கேன் பார்ப்பதில் பாதி வேலை அழாமல் பார்த்துக்கொள்வது. அழுதால் காற்றை விழுங்கும். காற்று நிறைந்த குடல் வழியே ஒலியலை போகாது. ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டேன். அப்பாவின் செல்போனில் ஏதோ யானைப் பாட்டு ஓடியது. ஒலியலையை அனுப்பி வாங்கும் கைக்கருவிதான் ப்ரோப்; பெரியவர்களுக்கு வைக்கும் வளைந்த ப்ரோபால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நுணுக்கமாகக் காட்டும் நேர்ப் ப்ரோபுக்கு மாறினேன். குழந்தை வயிறு ஸ்கேனுக்கென்றே அமைந்தது போல இருக்கும்; கொழுப்பு கிடையாது, எல்லாம் தோலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்.

கல்லீரலுக்குக் கீழே, வலப்பக்கம், வட்டத்துக்குள் வட்டமாகக் குடல் செருகியிருந்தது. ப்ரோபைத் திருப்பி நீளவாக்கில் பின்தொடர்ந்தேன். செருகலின் முனையில் கறுப்பாக ஒரு திரட்சி. நல்ல குடற்சுவர் இந்த ப்ரோபில் வெள்ளையும் கறுப்புமாக அடுக்கடுக்காகத் தெரியும். அந்த இடத்தில் அடுக்குகள் அழிந்து ஒரே கறுப்பாக இருந்தது. நீர்க்கட்டியோ என்று எண்ணும் அளவுக்குக் கறுப்பு. ஆனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரைப் போட்டதும் உள்ளே ரத்தம் ஓடியது. நீர்க்கட்டியில் ரத்தம் ஓடாது. பக்கத்தில் முடிச்சுகள், பழைய அறிக்கை சொன்ன அதே நெறிகள்தான். இப்போது உருண்டு, நடுவிலிருக்க வேண்டிய வெண்கீற்றை இழந்து, ரத்தக் குழாய்களை இரு பக்கமும் அணைத்துக்கொண்டு கிடந்தன. இடுப்பெலும்புக் குழியில் கொஞ்சம் நீர்.

இந்த இடத்தில் நிறுத்திவிடக் கூடாது. கட்டியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் மற்றதை மறப்பது எங்கள் தொழிலின் பழைய நோய். இரண்டு சிறுநீரகங்களையும் பார்க்க வேண்டும். லிம்ஃபோமா அங்கே கறுப்புத் திட்டுகளாகப் போய்ப் படியும், சில நேரம் சிறுநீரகம் முழுவதுமே வீங்கிவிடும். கல்லீரல், மண்ணீரல், கணையம், பெண் குழந்தையாக இருந்தால் சினைப்பை, பையனாக இருந்தால் விதைப்பை. விதைப்பையைப் பார்க்க வேண்டும் என்றால் அப்பா முகத்தில் கேள்வி வரும். ஒரு வரியில் விளக்கினால் புரிந்துகொள்வார். ப்ரோபைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இந்தப் பையனுக்கு வேறெங்கும் ஒன்றுமில்லை.

"கட்டியா தாயி?" என்றார் அப்பத்தா.

"கட்டி மாதிரி ஒன்று இருக்கிறது அம்மா. என்ன கட்டி என்று இந்த மெஷின் சொல்லாது. சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்றைக்கே பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும்."

தட்டச்சு செய்யும் பெண்ணிடம் அறிக்கை போவதற்கு முன்பே குழந்தைகள் அறுவை மருத்துவருக்குப் போன் செய்தேன். இந்த நோய் என்று சந்தேகம் வந்துவிட்டால் இதுதான் என் வழக்கம். தாள் மஞ்சள் பைக்குள் போய்விட்டால் அடுத்த பஸ்ஸுக்கும் அடுத்த சம்பள நாளுக்கும் காத்திருக்கும். போன் அப்படிக் காத்திருக்காது. அவன் அன்றிரவே சேர்க்கப்பட்டான். செருகிய பகுதியை அறுத்து எடுத்தார்கள். பர்கிட் என்று முடிவு வந்தது. கீமோதெரபி முடித்து இப்போது பள்ளிக்குப் போகிறான். குடல் செருகியது அவன் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லலாம். கட்டி சின்னதாக இருக்கும்போதே வலியைக் கிளப்பி ஊரைக் கூட்டிவிட்டது. முழுவதும் அறுத்து எடுக்க முடிந்த குடற்கட்டி இரண்டாம் நிலை. வயிறு முழுக்கப் பரவி எடுக்க முடியாமல் போனால் மூன்றாம் நிலை. எலும்பு மஜ்ஜையிலோ மூளை நரம்பு மண்டலத்திலோ நுழைந்துவிட்டால் நான்கு.

எல்லாருக்கும் இப்படி வலி வராது. லிம்ஃபோமா மென்மையான கட்டி. பெரியவர்களின் குடற்புற்று போல நார் உண்டாக்கிக் குடலை இறுக்குவதில்லை. சுவரின் தசையையும் நரம்பையும் தின்று அதைத் தளர்த்திவிடுகிறது. கட்டி பிடித்த பகுதி சுருங்குவதற்குப் பதிலாக அகன்று விரிந்துகொள்ளும். இவ்வளவு பெரிய கட்டி இருந்தும் குடல் அடைக்கவில்லையே என்று வியப்பாக இருந்தால் அதுவே ஒரு துப்பு. அந்தக் குழந்தைகள் "வயிறு பெருத்துக்கொண்டே போகிறது" என்று வருவார்கள். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று தாய் சொல்வாள்.

"அறுத்து எடுத்துவிடலாம் இல்லையா?" என்று எல்லா அப்பாக்களும் கேட்கிறார்கள். ஊருக்குத் தெரிந்த நியாயம் அது. கட்டி என்றால் எடுத்துவிட வேண்டும். குடல் செருகல் போன்ற சில இடங்களைத் தவிர, இந்த நோய்க்கு அறுவை சிகிச்சை வைத்தியம் கிடையாது. பெரிய கட்டியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று கத்தி வைத்தால் காயம் ஆறும் வரை கீமோதெரபி தள்ளிப்போகும். அந்த நாட்களில் கட்டி விட்ட இடத்தைப் பிடித்துவிடும். வேகமாகப் பிரியும் செல்தான் மருந்துக்கு வேகமாகச் சாகும் என்பது இந்த நோயில் இருக்கும் பெரிய ஆறுதல். நோய் முற்றிய, அபாயம் மிகுந்த குழந்தைகள் 328 பேரைச் சேர்த்து நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு 2020இல் வந்தது. மூன்றாண்டு முடிவில் கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 82.3 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் நலமாக இருந்தார்கள். ரிடக்சிமாப் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 93.9 சதவீதம். மூன்றாம், நான்காம் நிலைப் புற்றுநோயில் இப்படி ஓர் எண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம்மூரில் அந்த எண்ணை எட்டவிடாமல் செய்வது மருந்தின் குறையைவிடத் தாமதமும், உடம்பில் சத்தின்மையும், சிகிச்சையின்போது வரும் கிருமித்தொற்றும்.

தாமதத்தில் பெரிய பங்கு காசநோய்க்கு. நம் நாட்டில் குழந்தையின் வயிற்றில் நீர், முடிச்சுகள், வலப்பக்க மூலையில் தடித்த குடல் என்று பார்த்தால் முதலில் காசநோயை நினைப்பது தவறில்லை. உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு இது. படத்தில் சில வேறுபாடுகள் உண்டு. காசநோய் முடிச்சின் நடுப்பகுதி அழுகி, சிடி ஸ்கேனில் கறுத்து, விளிம்பு மட்டும் வளையமாக ஒளிரும், சுண்ணாம்பு படிந்திருக்கலாம், பெருங்குடலின் முனை சுருங்கி மேலே இழுக்கப்பட்டிருக்கும், வயிற்று நீரில் நூல்நூலாக இழைகள் மிதக்கும். லிம்ஃபோமா முடிச்சுகள் சிகிச்சைக்கு முன் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும், குடல் சுருங்காது, சுவர் மிகத் தடித்திருக்கும். இதையெல்லாம் மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுத்துவிட்டு, இதை நம்பி மருந்து தொடங்காதீர்கள் என்றும் சொல்கிறேன். இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழும் குழந்தைகள் ஏராளம்.

மேலூர்ப் பக்கத்துப் பெண் குழந்தை ஒன்று என்னிடம் வந்தபோது ஏற்கெனவே காசநோய் மாத்திரையில் இருந்தாள். வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேனில் "காசநோயாக இருக்கலாம்" என்று இருந்திருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்து மருந்து தொடங்கிவிட்டார்கள், கூடவே ஸ்டீராய்டும். சதை எடுக்கவில்லை, நீரை எடுத்துப் பார்க்கவில்லை. சில நாளிலேயே வலி போய்விட்டது, வயிறு வற்றிவிட்டது, பிள்ளை சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். மருந்து வேலை செய்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். குடும்பத்தோடு அழகர்கோவில் போய் வேண்டுதலையும் முடித்துவிட்டு வந்தார்கள். வேலை செய்தது காசநோய் மருந்து இல்லை, ஸ்டீராய்டு. அது லிம்ஃபோமா செல்லைக் கொஞ்ச காலம் கரைக்கும். கரைந்த இடத்தில் சதை எடுத்தால் செத்த திசுதான் வரும். நோய் பெயரைச் சொல்லாது. ஸ்டீராய்டைக் குறைத்ததும் கட்டி முன்னைவிடப் பெரிதாகத் திரும்பியது. எங்கள் ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களிலும் திட்டுகள். முதலில் சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் ஒன்றும் தெரியவில்லை, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. கீமோதெரபி தொடங்கிய சில வாரங்களில் கிருமித்தொற்றில் இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு என் அறிக்கைகளில் "காசநோயாக இருக்கலாம்" என்று தனியாக எழுதுவதை விட்டுவிட்டேன். "லிம்ஃபோமாவா காசநோயா என்பதைத் திசுப் பரிசோதனைதான் சொல்லும், அதுவரை ஸ்டீராய்டு வேண்டாம், வலப்பக்க முடிச்சு தோலிலிருந்து 2 சென்டிமீட்டரில் இருக்கிறது, ஸ்கேன் பார்த்தபடியே ஊசி போடலாம்" என்று முடிக்கிறேன். ஸ்கேன் பார்க்கிறவள் வைத்தியம் சொல்வதா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும்.

சதையே எடுக்காமல் முடிவு கிடைக்கும் வழியும் உண்டு என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. வயிற்றிலோ நெஞ்சிலோ கோத்த நீரில், எலும்பு மஜ்ஜையில் அந்தச் செல்கள் மிதந்துகொண்டிருக்கலாம். ஊசியில் நீரை எடுத்துப் பரிசோதித்தால் சில நேரம் ஒரே நாளில் பெயர் தெரிந்துவிடும். மயக்க மருந்தே தேவையில்லை. மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று கட்டாயம். லிம்ஃபோமாவின் வேறு சில வகைகள் நெஞ்சுக்குள் மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டு இருக்கும். அந்தக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து மயக்கினால் மூச்சு நின்றுவிடும்.

சிடி ஸ்கேன் பற்றி எனக்கு இரண்டு மனம். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டுவதில் அதற்கு இணையில்லை. சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் பெரியவர்களுக்கு எடுப்பதுபோல, உறுப்புகளைத் துலக்கிக் காட்டும் சாயத்தை ஊசியில் ஏற்றும் முன் ஒரு முறை, ஏற்றியவுடன் ஒரு முறை, பிறகு ஒரு முறை என்று மும்முறை எடுத்த படங்களோடு குழந்தைகள் வரும்போது கோபம் வருகிறது. லிம்ஃபோமாவுக்குச் சாயம் ஏற்றி, ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்து எடுக்கும் ஒரே படம் போதும். மற்ற இரண்டிலும் கதிர்வீச்சு கூடுகிறது, தகவல் கூடுவதில்லை. 2012இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, சிறுவயதில் சிடி எடுத்தவர்களுக்குப் பின்னாளில் ரத்தப் புற்றுநோயும் மூளைக் கட்டியும் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவதைக் காட்டியது. பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தலையில் 10,000 சிடி எடுத்தால் அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் என்பது அவர்கள் கணக்கு. தேவையான சிடியை மறுக்கும் அளவுக்கு அது பெரிய எண்ணில்லை. தேவையற்றதை எடுக்காமல் இருக்கப் போதுமான எண். குழந்தைகளுக்குக் கதிர்வீச்சைக் குறைக்கச் சொல்லும் இயக்கம் 2008இலிருந்தே உலகெங்கும் நடக்கிறது. இயந்திரத்தில் குழந்தையின் எடையைப் போட்டால் அதுவே குறைத்துக்கொள்ளும். எடையைக் கேட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

சாயம் ஏற்றும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின், யூரிக் அமிலம், பொட்டாசியம் மூன்றின் அளவும் கேட்பேன். பெரிய கட்டியில் செல்கள் தாமாகவே செத்துக்கொண்டிருக்கும். அவற்றின் உள்ளிருந்து வெளியேறும் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிகிச்சை தொடங்கியதும் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் சாகும்போது பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடக்கூடும். அதனால்தான் புற்றுநோய் மருத்துவர்கள் மருந்துக்கு முன்னால் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். "கட்டிக்கு மருந்து கொடுக்காமல் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களே" என்று ஓர் அப்பா வந்து என்னிடம் சண்டை போட்டார். அந்தத் தண்ணீர்தான் முதல் மருந்து.

பெட் ஸ்கேன் இப்போது பெற்றோர்களுக்கே தெரிந்த பெயராகிவிட்டது. அதை எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தி, உடம்பில் எங்கே அதிகம் எரிகிறது என்று பார்ப்பது அது. அதில் உள்ள ஃபுளோரின் 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும், எனவே இருப்பு வைத்துக்கொள்ள முடியாது. லிம்ஃபோமா நன்றாக ஒளிரும். காசநோயும் நன்றாகத்தான் ஒளிரும். நம் ஊர்க் கேள்விக்கு இதிலும் விடை கிடையாது. ஏசி அறையில் நடுங்கும் குழந்தையின் கழுத்துக் கொழுப்புகூட ஒளிரும். அதனால் போர்வை போர்த்தி உட்காரவைக்கிறார்கள். ஹாட்ஜ்கின் வகை லிம்ஃபோமாவில் பெட் உண்மையிலேயே பெரிய வரம். இரண்டு சுற்று மருந்துக்குப் பின் ஒளி அணைந்திருந்தால் பல குழந்தைகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சையைத் தவிர்த்துவிடலாம். பர்கிட்டில் அது ஒரு துணை. அதற்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவதைவிட, ஸ்கேனும் ஒரு சிடியும் போதும் என்று தொடங்கிவிடுவது நல்லது.

முடிந்த பிறகு வரும் கவலை தனி. கீமோதெரபி முடித்த குழந்தையின் வயிற்றில் பல நேரம் ஒரு வடு மிஞ்சும். பெரிய கட்டி இருந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் நாராக ஏதோ தெரியும். பெற்றோர் அதைத் திரையில் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடப்பார்கள். பெட்டில் அது ஒளிராவிட்டால் பெரும்பாலும் செத்த திசு. ஒளிர்ந்தாலும் உடனே முடிவு கட்டக் கூடாது, புண் ஆறும் இடமும் ஒளிரும். அங்கேயும் ஊசிதான் கடைசி வார்த்தை. மருந்து நின்றபின் நெஞ்சுக்குள் தைமஸ் சுரப்பி திரும்ப வளர்ந்து ஒளிர்வதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று கலங்கியவர்களும் உண்டு. அது உடம்பு தேறிவருவதன் அடையாளம். பர்கிட் திரும்பினால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் திரும்பிவிடும். அதைத் தாண்டிய பிள்ளைக்கு மாதாமாதம் படம் எடுக்க வேண்டியதில்லை. பயத்துக்காக எடுக்கும் சிடியை நான் எடுப்பதில்லை. வயிற்றில் ப்ரோபை வைத்துப் பார்த்து அனுப்புகிறேன். அதில் கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு.

மருத்துவமனைப் படிக்கட்டுகளில் அலைந்துகொண்டிருக்கும் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறிக்கைத் தாளை மட்டும் பத்திரப்படுத்தாதீர்கள். சிடியும் பெட்டும் எடுத்த இடத்தில் ஒரு குறுந்தட்டு கொடுப்பார்கள். முதல் நாள் எடுத்ததிலிருந்து எல்லாத் தட்டுகளையும் பையில் போட்டு வையுங்கள். ஃபிலிமைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு ஒளிதான் தெரிகிறது, கட்டி தெரிவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துவருபவர்கள் இந்தத் தட்டைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். பழைய படம் இருந்தால் அந்த இரண்டு சென்டிமீட்டர் வடு ஆறு மாதமாக அப்படியே இருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் "ஒப்பிட முடியவில்லை" என்று எழுத வேண்டிவரும். அந்த ஒரு வரிக்காகப் பிள்ளை மறுபடியும் சிடிக்குப் படுக்க நேரிடும்.